எரிபொருளின் அளவறியும் உணரி

வானொலி அலைகளால் இயங்கும் மாதிரி விமானம் வானில் பறக்கிறது. அதை இயக்குபவர் தரையில் நிற்கிறார். கலனில் எரிபொருள் குறைவதை அவரால் காண இயலாது. எரிபொருள் தீர்ந்து எந்திரம் நின்றால், பலநாள் உழைப்பு நொடியில் நொறுங்கக்கூடும். 2003 ஆகஸ்டில் மேனார்டு ஹில் குழுவினரின் மாதிரி விமானம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஏறத்தாழ 39 மணிநேரம் பறந்து அயர்லாந்தை அடைந்தது. அதன் எடை ஏறத்தாழ 5 கிலோகிராமே. இத்தகைய பயணத்தில் ஒவ்வொரு துளியும் கணக்கிற்குரியது.

அக்கணக்கை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஓர் உலோகக் குழாயினுள் மற்றொன்றை, ஒன்றையொன்று தொடாதவாறு பொருத்திக் கலனில் செங்குத்தாக நிறுத்தினால், அவை ஒரு மின்தேக்கியாகும். காற்றின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 1. பெட்ரோலுக்கு ஏறத்தாழ 2. ஆகவே, குழாய்களுக்கிடையே பெட்ரோல் நிறைந்திருக்கையில் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ இருமடங்காகிறது. பெட்ரோல் குறையக் குறைய அதுவும் குறைகிறது. மின்தடை வழியே மின்னேற்றம் பெற மின்தேக்கி எடுத்துக்கொள்ளும் நேரத்தை நுண்கட்டுப்படுத்தி அளந்து, அவ்வளவைத் தரைக்கு அனுப்புகிறது.

உணரியை அமைத்தபின் அளவுதிருத்தம் செய்தல் வேண்டும். ஆசிரியர் முன்னிலையில், தீப்பொறி அணுகாத திறந்தவெளியில், 50 மில்லிலிட்டர் வீதம் பெட்ரோலை ஊற்றி, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் அளவைக் குறித்துக்கொள்க. விமானம் சாயும்போது எரிபொருள் அலைவுறும்; எனவே, பல அளவீடுகளின் சராசரியையே கொள்ளுதல் நன்று. மெத்தனால் கலந்த எரிபொருள் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். அதற்குக் குழாய்களின்மேல் மின்காப்புப் பூச்சு இன்றியமையாதது.

எஞ்சியிருப்பதை உரிய நேரத்தில் அறிந்தவரே விமானத்தைப் பழுதின்றித் தரையிறக்குவார்.