வழுக்கலும் உடன்பாடும்: 'கிளைடு' என்ற சொல் குறித்து

'கிளைடு' என்ற ஆங்கில வினைக்கு அகராதிகள் தரும் பொருள்: தடையற்ற, முயற்சி தெரியாத நகர்வு. 'முயற்சி தெரியாத' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தெரியாதது யாருக்கு? கரையில் நின்று பார்ப்பவனுக்கு.

பழைய ஆங்கிலத்தில் இது 'கிளீடன்'. ஜெர்மன் மொழியின் 'கிளைட்டன்' இதன் உடன்பிறப்பு. பெயோவுல்ஃப் காவியத்தில், குளிர்காலக் கடலில் பல இரவுகள் போட்டி நீச்சலடிக்கிற இருவருக்கும் இந்த வினைதான் வருகிறது. கைகள் என்ன பாடுபட்டிருக்கும்! சொல் அதைச் சொல்வதில்லை. இதே வேரிலிருந்து பருந்துக்கு வந்த பழம்பெயர் 'கிளிடா'. சிறகடிக்காமல் போகிறதே என்ற வியப்பு அதில். ஆனால் அசையாத காற்றில் சிறகடிக்காத பருந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கும். எஞ்சின் இல்லாத கிளைடரும் அப்படியே. உயரத்தைக் கொடுத்துத்தான் தூரத்தை வாங்குகிறது. 1891 முதல் கிளைடரில் பறந்துவந்த ஜெர்மானியர் ஓட்டோ லிலியன்தால், 1896 ஆகஸ்டில் அதிலிருந்தே விழுந்து மறுநாள் இறந்துபோனார்.

தமிழில் பெயர்க்கப் போனால் சங்கடம். வழுக்கு, சறுக்கு, நழுவு: மூன்றிலும் விழுகிற பயமோ தப்பிக்கிற தந்திரமோ ஒட்டிக்கிடக்கிறது. 'நைசா நழுவிட்டான்யா' என்பது பாராட்டு இல்லை. இலக்கணத்தில் பிழைக்குப் பெயரே 'வழு'. நம் மொழி வழுக்கலை லேசில் நம்புவதில்லை எனலாம்.

ஒலியியலில் 'கிளைடு' என்பது ய், வ் போன்ற அரையுயிர்களைக் குறிக்கும். 'மணி அடிச்சான்' என்று வேகமாகச் சொன்னால் நடுவில் ஒரு ய் கேட்கிறது. கோ, இல் இரண்டும் சேர்ந்து கோயில் என்றும் கோவில் என்றும் ஆகின்றன. இப்படி நடுவில் வருவதைத் தமிழிலக்கணம் 'உடம்படுமெய்' என்கிறது. உடம்படுதல் என்றால் உடன்படுதல். ஆங்கிலப் பெயர் நாக்கின் ஓட்டத்தைப் பார்க்கிறது. தமிழ்ப் பெயரோ, ஒட்டாத இரண்டு உயிர்களை உடன்பட வைக்கிற மூன்றாவதைப் பார்க்கிறது.

இது மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டுமான சங்கதி இல்லை. 'பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்தது, உடன்படிக்கை கையெழுத்தானது' என்று செய்தி வருகிறது. இதில் 'சுமுகம்' என்பது கரையில் நிற்பவனின் சொல். 'உடன்படிக்கை' அப்படியல்ல. உடன்பட்டது யார், உடன்பட வைத்தது யார், எந்த உயரத்தைக் கொடுத்து இந்தத் தூரம் வாங்கப்பட்டது என்ற கேள்விகளை அது உள்ளேயே வைத்திருக்கிறது. அவற்றை வெளியே இழுத்துப்போடுவதுதான் வாசிப்பின் வேலை.