சவ்வுக்கு அடியில் ஒரு வலை

1925-இல் லைடன் நகரில் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீர்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அந்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு பரப்பு வந்தது. அப்படியானால் செல் சவ்வு ஈரடுக்குக் கொழுப்பு. (கணக்கில் இரண்டு பிழைகள், ஒன்றை மற்றொன்று சரிக்கட்டிவிட்டதால் விடை தப்பித்தது!)

ஆனால் அந்தக் கொழுப்பு எண்ணெய்போல் ஓடுவது. அதை மட்டும் நம்பினால் சிவப்பணு உருண்டையாகத்தான் இருக்க வேண்டும். அதுவோ இருபுறமும் குழிந்த வட்டு. 120 நாள் ஓடுகிறது. மண்ணீரலில் தன் விட்டத்தில் பாதிகூட இல்லாத இடுக்குகளில் நெளிந்து நுழைந்து, மறுபக்கம் பழைய வடிவத்துக்கே வந்துவிடுகிறது. எது இழுத்துப் பிடிக்கிறது?

1968-இல் மார்ச்செசியும் ஸ்டீர்ஸும் சிவப்பணுச் சவ்விலிருந்து ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தைப் பிரித்தார்கள். 1973-இல் வெளிவந்த ஒரு சோதனைதான் எனக்குப் பிடித்தது. ஹீமோகுளோபினை வெளியேற்றிய சிவப்பணுக்களை டிரைட்டான் என்ற சோப்புக் கரைசலில் போட்டார்கள். கொழுப்பு பெரும்பாலும் கரைந்து போயிற்று. அப்படியும் மிச்சம் நின்றது, சிவப்பணுவின் உருவம் கலையாத ஒரு புரதக் கூடு!

இன்று அந்தக் கூட்டின் முடிச்சுகள்வரை தெரியும். நீட்டிப் பிடித்தால் சுமார் 200 நானோமீட்டர் வரும் ஸ்பெக்ட்ரின் இழைகள். குட்டையான ஆக்டின் துண்டுகளே முடிச்சு. பெரும்பாலும் ஒரு முடிச்சில் ஆறு இழைகள். வலையைச் சவ்வோடு மாட்டும் கொக்கிகளில் ஒன்று ஆங்கிரின். ஆள் உட்கார்ந்தால் தொய்ந்து, எழுந்தால் நிமிரும் கயிற்றுக் கட்டில்போலத்தான் இந்த வலை. சிவப்பணுவோடு இது முடியவில்லை. 2013-இல் ஹார்வர்டில் ஷியாவ்வெய் ஷுவாங் குழு நரம்பிழையின் சவ்வுக்கடியில் ஏறக்குறைய 190 நானோமீட்டருக்கு ஒன்றாக ஆக்டின் வளையங்களைக் கண்டது, நடுவில் ஸ்பெக்ட்ரின்.

சிவப்பணு உருண்டையாகிவிடும் பரம்பரை நோயை 1871-லேயே பெல்ஜியத்தில் விவரித்திருந்தார்கள். பின்னால், மண்ணீரலை எடுத்தால் சோகை தீர்கிறது என்று கண்டார்கள். ஏன் என்றுதான் விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது: ஆங்கிரினோ ஸ்பெக்ட்ரினோ குறைந்தால் பிடிமானம் இல்லாத சவ்வு துணுக்குத் துணுக்காக உதிர்கிறது, மேற்பரப்பு சுருங்குகிறது, உருண்டையான சிவப்பணு மண்ணீரலின் இடுக்கில் சிக்கி அழிகிறது. பழுதான மரபணுவைப் பெயர் சொல்லிக் காட்ட முடிகிறது. நோய் கடுமையானால் இன்றும் மண்ணீரலைத்தான் எடுக்கிறார்கள்; முன்கூட்டியே நிமோகாக்கல் தடுப்பூசி போட்டு, முடிந்தால் குழந்தைக்கு ஆறு வயதாகும்வரை பொறுத்திருந்து.