மலைச் சதுப்பு என்னும் ஏடு

பூகோள வகுப்பில் பனியூழியைப் பற்றி நான் சொன்னபோதெல்லாம், “நம் பக்கத்தில் அதற்குச் சான்று உண்டா, ஐயா?” என்று யாரேனும் கேட்பதுண்டு. ‘இங்கே பனியாறு ஓடியதில்லை’ என்று கூறி மேற்செல்வேன். அஃது அரை விடையே என்பதைப் பின்னரே அறிந்தேன்.

கோவைக்கு வடமேற்கே உயர்ந்து நிற்கும் நீலகிரியின் மேட்டுநிலத்தில், சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே சதுப்புகள் உள்ளன. அங்கே மடிந்த புல்லும் கோரையும் முற்றிலும் மட்குவதில்லை. நீர் தேங்கிக் காற்றுப் புகாமையாலும் குளிராலும் அவை அடுக்கடுக்காகப் படிந்து முற்றா நிலக்கரி ஆகின்றன. சில படிவுகளின் அடிப்பகுதி ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழமையுடையது. அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து 1993-இல் அறிஞர்கள் முடிவு வெளியிட்டனர். பனியூழி உச்சமுற்ற சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இம்மலை வறண்டு, வறட்சி தாங்கும் புற்கள் மிகுந்திருந்தன; பின்னரே பருவமழை வலுத்தது என்பது அம்முடிவு.

சதுப்பு மண்ணில் நைட்ரஜன் சத்துக் குறைவு. ஆதலால் டிரோசிரா இலையின் பசைத்துளிகளாலும், யுட்ரிகுலேரியா நுண்பைகளாலும் சிற்றுயிர்களைப் பிடித்து அக்குறையை நிறைவு செய்கின்றன.

1990-இல் முக்கூர்த்தி தேசியப் பூங்காவாகியது. அங்குள்ள சதுப்புகளும் காப்புப் பெற்றன. ஆயினும், அயல்நாட்டிலிருந்து வந்த சீகை மரங்கள் புல்வெளியில் பரவுகின்றன. சதுப்பு வற்றினால் காற்றுப் புகும், மட்காதிருந்தவை மட்கும், கரி வளியாகக் கலையும், ஏடும் அழியும். மழைநீரை உறிஞ்சி மெல்ல விடும் பஞ்சும் போய்விடும். நம் வயலுக்குப் பாயும் பவானியில் அம்மலை நீரும் உண்டன்றோ?

இனி யாரேனும் அக்கேள்வியைக் கேட்டால், மலையைச் சுட்டிக்காட்டுவேன்.