மகனின் படத்தில் நடித்த தந்தை

2025 மார்ச் 26 காலை. எங்கள் வெளிநோயாளர் கூடத்துத் தொலைக்காட்சியில் மனோஜ் பாரதிராஜாவின் மறைவுச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. போடிமெட்டு மலைப்பாதை வழியே ஏலத்தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து, இரத்த அழுத்தம் பார்க்கக் காத்திருந்த பெண்கள் மருந்துச் சீட்டுடன் எழுந்து நின்று பார்த்தனர். இயக்குநர் பாரதிராஜா பிறந்த தேனி அல்லிநகரம் போடியிலிருந்து ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர்தான். ஆகவே அது எங்கோ சென்னையில் நிகழ்ந்த துயரமாக எவருக்கும் தோன்றவில்லை. "அந்த அய்யா இந்த வயசுல இதையா பாக்கணும்" என்றார் ஒரு மூதாட்டி. மறைந்தவரைவிட, எண்பதைக் கடந்த அந்தத் தந்தையைப் பற்றியே அங்கிருந்தோர் மிகுதியும் பேசினர்.

மனோஜை வெறுமனே 'பாரதிராஜாவின் மகன்' என்று சொல்லிக் கடந்துவிடுவது நியாயமாகாது. அமெரிக்காவில் நாடகக் கலை பயின்றவர். 1999இல் தந்தையின் இயக்கத்தில் வெளிவந்த 'தாஜ்மஹால்' படத்தில் நாயகனாக அறிமுகமானார். 'சமுத்திரம்', 'அல்லி அர்ஜுனா', 'வருஷமெல்லாம் வசந்தம்' எனத் தொடர்ந்து நடித்தார். புகழ் அவரிடம் நிலைத்துத் தங்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அவர் கலையை விட்டு விலகவில்லை. நாயகனாக நடித்த பின்னரும் ஷங்கரின் 'எந்திரன்' படத்தில் உதவி இயக்குநராகப் பணியாற்றினார். 2023இல் 'மார்கழித் திங்கள்' என்னும் படத்தைத் தாமே இயக்கினார். அதில் பாரதிராஜா நடித்தார். மகனை நடிக்க வைத்த தந்தை, இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மகனின் சொற்படி ஒளிப்படக் கருவியின் முன் நின்றார். படத்தின் வெற்றி தோல்வியைத் திரைத்துறையினர் கணக்கிடட்டும். பிள்ளையின் கலைக்குத் தம் முகத்தைக் கொடுக்கும் வாய்ப்பு எத்தனை பெற்றோருக்குக் கிடைக்கும்?

மறைந்தபோது மனோஜுக்கு வயது 48. காரணம் மாரடைப்பு என்று செய்திகள் தெரிவித்தன. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு பிற நாட்டினரைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருவதாகப் பல நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு காட்டியது. நாற்பதைத் தொட்டவர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் ஓயாமல் சொல்வது அதனால்தான்.

ஆனால் இங்கே நாங்கள் எழுத விரும்புவது பின்தங்கி நிற்கும் இதயங்களைப் பற்றி. பெருந்துயரம் இதயத் தசையையே தளரச் செய்யக்கூடும். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு 'தகோட்சுபோ' என்று பெயரிட்டனர். ஆக்டோபஸ் பிடிக்கும் குடுவைக்கு அந்நாட்டில் வழங்கும் பெயர் அது. இடது கீழறை அக்குடுவையைப் போல உப்பிக் காணப்படும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஈசிஜி மாற்றம் எல்லாம் மாரடைப்பைப் போலவே இருக்கும். ஆனால் ஆஞ்சியோகிராம் செய்தால் அதற்குக் காரணமான அடைப்பு தென்படாது. மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது மிகுதி. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். எனினும் துக்க வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், "அழுததால் வந்த வலி" என்று வீட்டார் முடிவு கட்டிவிடலாகாது. உடனே 108ஐ அழையுங்கள். இரண்டையும் பிரித்தறிவது எங்கள் வேலை.

துயரம் இதைவிட அமைதியாகவும் வேலை செய்யும். எங்களிடம் தொடர்ந்து சிகிச்சை பெற்றுவந்த ஒரு தாயின் இரத்த அழுத்தம் திடீரென்று 190க்கு ஏறியது. நாங்கள் மாத்திரையைக் கூட்டினோம், இறங்கவில்லை. மீண்டும் கூட்டினோம். இரண்டு முறையும் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வியைச் செவிலியர் ஒருவர் கேட்டார்: "அம்மா, மாத்திரை யாரு வாங்கிட்டு வர்றது?"

"எம் பயதான் வாங்கியாருவான். அவன் போன பெறகு யாரு இருக்கா பாப்பா?"

இரண்டு மாதங்களாக அவர் மாத்திரையே உட்கொள்ளவில்லை. அந்த மகன் கடைப் பலகைகளில் எழுத்து வரைந்தவர். பிளெக்ஸ் வந்து அத்தொழிலை விழுங்கிய பின் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டப் போனாராம். இரவில் மட்டும் வரைந்துகொண்டிருந்தாராம். "என்ன வரைவார்?" என்று செவிலியர் கேட்டதுதான் தாமதம், அரை மணி நேரம் அந்த அம்மா பேசினார். வீட்டில் அவன் பெயரை எடுத்தாலே உறவினர்கள் பேச்சை மாற்றிவிடுவதாகவும் சொன்னார். அவர்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. அழ வைத்துவிடுவோமோ என்ற அச்சம்தான். ஆனால் பெயரைச் சொல்லாததால் எந்தத் தாயும் பிள்ளையை மறந்ததை நாங்கள் கண்டதில்லை. எப்படி இறந்தான் என்று விசாரிக்கும் உறவினர்கள், அவன் எதை விரும்பினான் என்றும் ஒருமுறை கேட்கலாம்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு அவர் வந்தார். இனி மாத்திரை வாங்கி வருவது அப்பெண்ணின் பொறுப்பு. அழுத்தம் 150 இருந்தது. இன்னும் இறங்க வேண்டும். கையில் துண்டில் பொதிந்த ஒரு நோட்டுப் புத்தகம். அதில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே ஒரு பூ. நாங்கள் ஆர்க்கிட் என்று நினைத்தோம்.

"ஏலப்பூ அய்யா" என்று திருத்தினார். வெள்ளை இதழில் ஓடிய ஊதாக் கோடுகளை விரலால் தொட்டுக் காட்டி, "இத்தன வருசம் குனிஞ்சு காய் எடுத்திருக்கேன், இந்தக் கோட்ட அவன் வரைஞ்சு காட்டித்தான் பாத்தேன்" என்றார்.