வருடிய வரைபடங்களைத் திசையன் கோப்பாக்கல்

வருடிய வரைபடங்களைத் திசையன் கோப்பாக்கல் என்பது, ஸ்கேனர் எனப்படும் வருடியால் காகிதத்திலிருந்து படமாக்கப்பட்ட வரைபடத்தை, கணினிக் கட்டுப்பாட்டு உலோக வெட்டு இயந்திரம் பின்பற்றக்கூடிய கோடுகளாகவும் வட்டவிற்களாகவும் மாற்றும் செயற்பாடு ஆகும். பிளாசுமா, லேசர், நீர்த்தாரை ஆகிய வெட்டு முறைகள் மூன்றுக்கும் இது தேவைப்படுகிறது.

வருடி தருவது படவணுக்களின் தொகுப்பு மட்டுமே. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் வருடினால் ஒரு படவணுவின் பக்கம் ஏறத்தாழ 0.085 மி.மீ. இருக்கும். எந்தப் படவணு எந்தக் கோட்டைச் சேர்ந்தது என்ற தகவல் அதில் இல்லை. இயந்திரத்துக்கோ ஒவ்வொரு கோட்டின் தொடக்கமும் முடிவும், வில்லாயின் அதன் மையமும், ஜி-நிரலாகத் தரப்படவேண்டும்.

தடமறிதல்

முதலில் படம் கறுப்பு, வெள்ளை என்ற இரு நிறங்களுக்குக் குறைக்கப்படுகிறது. பின்னர் மென்பொருள் கறுப்புப் பகுதிகளின் விளிம்பைப் பின்தொடர்கிறது. பீட்டர் செலிங்கர் 2001 இல் வெளியிட்ட போட்ரேசு என்ற கட்டற்ற மென்பொருள் இவ்வாறு செயற்படுவதாகும். இங்க்சுகேப் வரைகலைச் செயலியும் இதனையே பயன்படுத்துகிறது.

விளிம்பைப் பின்தொடர்வதில் ஒரு சிக்கல் உண்டு. பேனாவால் வரைந்த ஒரு கோட்டுக்கு இரு விளிம்புகள் இருப்பதால், கோப்பில் அது இரு கோடுகளாகிவிடும். இயந்திரமும் இருமுறை வெட்டும். இதனைத் தவிர்க்க, கோட்டை ஒரு படவணு அகலத்துக்கு மெலியச்செய்து அதன் நடுத்தடத்தை எடுக்கலாம். உருவத்தின் உட்பகுதி முழுவதையும் கறுப்பால் நிரப்பிவிட்டு வெளிவிளிம்பை மட்டும் எடுப்பது இதைவிட எளிது.

வட்டமும் துண்டுகளும்

தடமறிந்து பெற்ற திருகாணித் துளை திரையில் வட்டமாகவே தோன்றும். உண்மையில் அது பல சிறு துண்டுகளின் தொடராக இருக்கலாம். துண்டுகள் கூர்மையாகச் சேரும் இடங்களில் இயந்திரம் வேகம் குறைக்கிறது. பிளாசுமா வெட்டில் வேகம் குறைந்தால் வெட்டுத்தடம் அகன்று, அடிப்புறத்தில் கசடு ஒட்டும்; திருகாணி சரியாகப் பொருந்தாது. ஆகவே இத்தகைய துளைகளை அழித்துவிட்டு மெய்யான வட்டங்களை இடவேண்டும். பொறியியல் வரைபடமாயின், வருடிய படத்தை அடியில் வைத்து முழுவதையும் கையால் மீள வரைவதே பெரும்பாலும் விரைவானது. தானியங்கித் தடமறிதல் இலை, கொடி, மயில் போன்ற அலங்கார உருவங்களுக்கே நன்கு பொருந்தும்.

அளவு

காகிதம் ஈரப்பதத்தால் விரியும். ஒளிநகலும் அளவை மாற்றக்கூடும். எனவே வரைந்த கோட்டின் நீளத்தைவிட, அதன் அருகில் எழுதியுள்ள எண்ணே நம்பத்தக்கது. எழுதப்பட்ட அளவுகளில் மிக நீண்டதைக் கொண்டு, கிடையாகவும் நெடுக்காகவும் தனித்தனியே அளவு திருத்தப்படுகிறது.

ஆட்டோகேடுடன் 1982 இல் அறிமுகமான டிஎக்ஸ்எஃப், வெட்டுக்கூடங்களில் பரவலாக ஏற்கப்படும் கோப்பு வடிவம் ஆகும். இதன் பழைய பதிப்புகள் அளவலகைக் குறிப்பதில்லை. அங்குலத்தை மில்லிமீட்டர் எனக் கொண்டால் பொருள் 25.4 மடங்கு சிறுத்துவிடும்.

வெட்டுக்கு முன்

வெட்டுத்தடத்துக்கும் அகலம் உண்டு. அதன் பாதியளவு, வெளிவிளிம்பில் வெளிப்புறமாகவும் துளையில் உட்புறமாகவும் பாதை நகர்த்தப்படுகிறது. உருவக் கோடுகள் முழுமையாக மூடியிருந்தால்தான் மென்பொருளால் உள், வெளி எனப் பிரித்தறிய இயலும். தகட்டில் எழுத்து வெட்டும்போது, 'ண' போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் உள்ள பகுதி தனித்து விழுந்துவிடும். அதனைத் தாங்க ஓரிரு இடங்களில் சிறு பாலங்கள் விடப்படுகின்றன.