கனடாவில் வேலை அனுமதியிலிருந்து பி.ஆர். வரை

கனடாவில் வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கிடைக்கும் வேலை அனுமதி முடிவுத் தேதியோடுதான் வருகிறது. அந்தத் தேதிக்குப் பிறகும் அங்கேயே வாழ நினைப்பவர் நிரந்தர வதிவுரிமை, பேச்சில் சொல்வதானால் பி.ஆர்., பெற்றாக வேண்டும். அதற்கு மத்திய அரசின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, மாகாண நியமனத் திட்டங்கள், அட்லாண்டிக் குடிவரவுத் திட்டம், சிற்றூர்களுக்கான முன்னோடித் திட்டம், கியூபெக் மாகாணத்தின் தனித் தேர்வு எனப் பல வழிகள் உண்டு. பெரும்பாலானோர் தமக்கு முன்னால் வந்த உறவினரோ நண்பரோ போன வழியிலேயே போகப் பார்க்கிறார்கள். அவர் போன வழி இன்று மூடியிருக்கலாம், அல்லது இவருடைய வேலைக்கு அது பொருந்தாமல் இருக்கலாம். செய்யும் வேலை எந்த வகை, வேலை எந்த மாகாணத்தில், அனுமதியில் எத்தனை மாதம் மிச்சம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேலையின் வகையே முதலில் வருகிறது. கனடா எல்லாத் தொழில்களையும் 0 முதல் 5 வரை ஆறு 'டீயர்' நிலைகளாகப் பிரித்திருக்கிறது. குடிவரவுக்கு இந்தப் பிரிவு 2022 நவம்பர் முதல் பயன்படுகிறது. மேலாளர் பதவிகள் 0, பட்டப்படிப்பு தேவைப்படும் வேலைகள் 1, டிப்ளமாவோ தொழிற்பயிற்சியோ வேண்டியவை 2, 3, அதற்குக் கீழே 4, 5. உணவகத்தில் சமையல்காரர் மூன்றாம் நிலை. அதே சமையலறையில் பாத்திரம் கழுவி, காய் நறுக்கித் தரும் உதவியாளர் ஐந்தாம் நிலை. நெடுந்தூர லாரி ஓட்டுநர் மூன்று, பண்ணைத் தொழிலாளி ஐந்து. அதிகாரி பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, அன்றாடம் உண்மையில் செய்த பணிகளை. அதனால் முதலாளி தரும் சான்றுக் கடிதத்தில் பணிகள், வாராந்திர நேரம், சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும். வேலையை விட்டு விலகிய பின் அந்தக் கடிதத்துக்காக அலைவதைவிட, வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

டீயர் 0 முதல் 3 வரை உள்ளவர்களுக்கு இயல்பான வழி எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் உள்ள கனடிய அனுபவப் பிரிவு. கடைசி மூன்று ஆண்டுகளுக்குள் கனடாவில் ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம், அனுமதியோடு சம்பளத்துக்கு வேலை செய்திருக்க வேண்டும். முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலையும் சுயதொழிலும் கணக்கில் சேராது. மொழித் தேர்வில் டீயர் 0, 1 வேலைகளுக்கு ஏழாம் நிலையும் 2, 3 வேலைகளுக்கு ஐந்தாம் நிலையும் போதும். வங்கியில் பணம் காட்ட வேண்டிய கட்டாயமும் இதில் இல்லை.

ஆனால் தகுதி இருந்தால் மட்டும் பி.ஆருக்கு விண்ணப்பிக்க அழைப்பு வந்துவிடாது. விண்ணப்பதாரர்கள் ஒரே பட்டியலில் புள்ளிகளால் வரிசைப்படுத்தப்படுகிறார்கள். 2025இல் கனடிய அனுபவப் பிரிவுக்கான அழைப்புச் சுற்றுகளில் 500 புள்ளிகளுக்கு மேல் தேவைப்பட்டது. மணமாகாதவருக்கு 20 முதல் 29 வயது வரை 110 புள்ளிகள் கிடைக்கும். முப்பதிலிருந்து அது குறையத் தொடங்கி 45இல் பூஜ்யமாகிறது. தன் முயற்சியால் விரைவில் மாற்றக்கூடியது பெரும்பாலும் மொழி மதிப்பெண்தான். நான்கு திறன்களிலும் எட்டாம் நிலையிலிருந்து ஒன்பதுக்கு ஏறினால் மணமாகாதவருக்கு நேரடியாக 32 புள்ளிகள் கூடும். படிப்போடும் அனுபவத்தோடும் இணைத்துத் தரும் புள்ளிகள் அதற்கு மேல். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் ஒன்பதாம் நிலைக்குக் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். ஓராண்டு கூடுதல் அனுபவத்துக்காகக் காத்திருப்பதைவிட இது பலருக்கு விரைவான ஏற்றம். தம்பதியர் இருவரில் யாரை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தால் புள்ளி கூடும் என்றும் இரண்டு விதமாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

2023 முதல் குறிப்பிட்ட துறையினருக்கும் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும் தனிச் சுற்றுகள் நடக்கின்றன. பிரெஞ்சில் நான்கு திறன்களிலும் ஏழாம் நிலை எட்டியவர்களுக்கு 2025இல் 500க்குக் கீழேயே அழைப்பு வந்தது. ஒரு சுற்றில் 379 வரை இறங்கியது. புதுச்சேரிப் பள்ளிகளில் பிரெஞ்சு படித்தவர்களும் பிரான்சில் சில காலம் வாழ்ந்த ஈழத்தமிழரும் இந்த வாய்ப்பைக் கவனிக்காமல் விடக் கூடாது.

புள்ளி போதாதவர்களுக்கு அடுத்த வழி மாகாணம். கியூபெக்கும் நூனவுட்டும் தவிர மற்ற மாகாணங்களும் ஆட்சிப் பகுதிகளும் தமக்கு வேண்டியவர்களை நியமிக்கலாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியோடு இணைந்த நியமனம் 600 புள்ளிகளைச் சேர்க்கிறது. அதன் பிறகு அழைப்பு ஏறக்குறைய உறுதி. இணையாத நியமனத்திலும் பி.ஆர். கிடைக்கும், காத்திருப்புதான் நீளும். நியமித்த மாகாணத்திலேயே வாழும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு உண்மையாக இருக்க வேண்டும். டொரோண்டோவில் சொந்தபந்தம் இருக்க, நியமனத்துக்காக மட்டும் மனிடோபாவைத் தேர்ந்தெடுப்பவர் இதை நன்கு யோசிக்க வேண்டும்.

நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடார் ஆகிய நான்கு மாகாணங்களுக்கும் அட்லாண்டிக் திட்டம் இருக்கிறது. 2017இல் முன்னோடியாகத் தொடங்கி 2022இல் நிரந்தரமானது. இதில் நான்காம் நிலை வேலைக்கும் இடமுண்டு. வேலை தருபவர் அரசின் அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும்.

மிகக் கடினமான நிலை 4, 5 நிலைகளில் இருப்பவர்களுடையது. ஜமைக்காவிலிருந்து 1966இல் ஆட்களை வரவழைத்துத் தொடங்கிய பருவகாலப் பண்ணைத் தொழிலாளர் திட்டத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் எட்டு மாதம் வேலை. பிறகு ஊர் திரும்ப வேண்டும். இருபது ஆண்டுகள் இப்படி வந்துபோன பண்ணைத் தொழிலாளியின் உழைப்பு கனடிய அனுபவப் பிரிவில் ஒரு மணி நேரமாகக்கூட எண்ணப்படுவதில்லை. நாட்டுக்கு உணவு விளைவிப்பவர்களுக்கு இது பெரும் அநீதி. நான்காம் நிலைக்கு இடம் தரும் அட்லாண்டிக் திட்டம் போக, 4, 5 நிலைகளில் இருப்பவர்களுக்கு எஞ்சியிருப்பவை சில மாகாணப் பிரிவுகளும், சட்பரி, தண்டர் பே, பிராண்டன் போன்ற 14 இடங்களில் 2025இல் வந்த சிற்றூர் முன்னோடித் திட்டமும்தான். இடங்கள் மிகக் குறைவு. வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கான திட்டம் 2025 மார்ச் 31 அன்று திறந்தபோது, கனடாவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கான ஒதுக்கீடு அன்றே நிரம்பிவிட்டது. ஆகவே அதே முதலாளியிடம் மேற்பார்வையாளர் போன்ற உயர்நிலை வேலைக்கு முறைப்படி மாற வாய்ப்பிருந்தால் அதைத் தேடுவதே பலருக்கு உறுதியான வழி. அப்படி மாறும் முன் தன் அனுமதி அந்த வேலைக்கு இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும்.

காலக் கணக்கில் தவறினால் மற்ற தகுதிகள் பயன்படாது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி பட்டியலில் பெயர் இருப்பது நாட்டில் தங்கும் உரிமையைத் தராது. அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் ஆவணங்கள் அனைத்தையும் கொடுக்க வேண்டும். மொழித் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுகளே செல்லும், காவல்துறைச் சான்று ஊரிலிருந்து வர நாளாகும். பி.ஆர். விண்ணப்பம் முறையாக ஏற்கப்பட்ட பிறகே இடைக்கால வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பழைய அனுமதி முடியும் முன் நீட்டிப்புக் கேட்டவர், முடிவு வரும்வரை அதே நிபந்தனைகளில் வேலையைத் தொடரலாம். தேதி தாண்டியவர் வேலையை உடனே நிறுத்திவிட்டு 90 நாளுக்குள் நிலையை மீட்க விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த அவசரத்தைக் காசாக்குபவர்கள் உண்டு. வெளிநாட்டவரை அமர்த்த முதலாளி பெறும் எல்எம்ஐஏ அனுமதிக்கான கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிப்பது சட்டவிரோதம். அப்படி எல்எம்ஐஏவை விலைக்கு வாங்கியவர்கள் நம்பியிருந்த, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக்காகத் தரப்பட்ட கூடுதல் புள்ளிகளையும் அரசு 2025 மார்ச் 25 முதல் நீக்கிவிட்டது. முதலாளி கொடுமைப்படுத்தினால், ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட அனுமதி உள்ளவர் எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய தனி அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வசதி 2019 முதல் இருக்கிறது. கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவர் குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் பதிவேட்டிலோ வழக்கறிஞர் சங்கத்திலோ, கியூபெக் நோட்டரிகள் அமைப்பிலோ இருக்கிறாரா என்று இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பொய்யான அனுபவக் கடிதம் பிடிபட்டால் ஐந்து ஆண்டு தடை. கடிதத்தைத் தயாரித்தவர் ஏஜென்டாக இருந்தாலும் தடை விழுவது விண்ணப்பதாரர் மேல்தான்.