மூன்று மூலையில் மூன்று சதுரம்

டீக்கடையில் ஓர் அட்டை தொங்குகிறது. காய்கறி வண்டியிலும் தொங்குகிறது. அதில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். இதன் பெயர் க்யூ.ஆர். கோடு. போன் இதை எப்படிப் படிக்கிறது?

அட்டையை உற்றுப் பாருங்கள். மூன்று மூலைகளில் பெரிய சதுரங்கள் இருக்கும். நான்காவது மூலையில் அப்படி இருக்காது. இவைதான் போனுக்கு அடையாளம்.

1994-இல் ஜப்பானில் இதை உருவாக்கினார்கள். கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க இது தேவைப்பட்டது. மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் முன்னின்று செய்தார்.

போனின் கேமரா முதலில் படம் பிடிக்கிறது. பிறகு படத்தை வரி வரியாகத் தேடுகிறது. நாம் விரல் வைத்துப் படிப்பதைப் போல!

எதைத் தேடுகிறது? சதுரத்தின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கறுப்பு 1 பங்கு, வெள்ளை 1 பங்கு, கறுப்பு 3 பங்கு, வெள்ளை 1 பங்கு, கறுப்பு 1 பங்கு வரும். அட்டை தூரத்தில் இருந்தாலும், தலைகீழாக இருந்தாலும் இந்தப் பங்கு மாறாது. அச்சடித்த மற்ற தாள்களில் இந்த அளவு அபூர்வம். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மூன்று சதுரங்களும் கிடைத்தால் மேல் எது, கீழ் எது என்று தெரிந்துவிடும். பிறகு சின்னக் கட்டங்களைப் போன் படிக்கும். கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் படித்துவிடும்.

கடை அட்டையின் கட்டங்களில் என்ன இருக்கிறது? பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற விவரம் இருக்கிறது. ஆனால் அட்டை கடைக்காரருடையதுதானா என்று போனுக்குத் தெரியாது. திருடன் தன் அட்டையை மேலே ஒட்டினால் பணம் அவனுக்குப் போய்விடும்.

ஆகவே, போனில் வரும் பெயரைப் படியுங்கள். "இது உங்கள் பெயர்தானா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அதன் பிறகே ரகசிய எண்ணைப் போடுங்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும். வாங்குவதற்கு வேண்டாம். "பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து ரகசிய எண் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இந்தியா முழுவதற்கும் இதே எண்தான்.

செய்து பாருங்கள்: அடுத்த முறை கடைக்குப் போகும்போது அட்டையில் மூன்று சதுரங்களையும் கண்டுபிடியுங்கள். போனில் வரும் பெயரை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படியுங்கள்.